இரட்டைக் குழந்தைகளைக் கட்டிலருகே பாதுகாப்பாகத் தூங்க வைப்பது: அறையை அளப்பதிலிருந்து பெரிய தொட்டிலுக்கு மாற்றுவது வரை

இரட்டைக் குழந்தைகளுக்குப் படுக்கை ஏற்பாடு செய்பவர்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், கடையிலோ இணையத்திலோ படங்களைப் பார்த்து, நன்றாகத் தூங்கி எழுந்த மனநிலையில்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தப் போவதோ இரவு மூன்று மணிக்கு, ஒரு குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டே, அடுத்தது அழத் தொடங்குவதற்குள் இதைப் படுக்க வைத்துவிட வேண்டும் என்று தவிக்கிற, இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்காத ஒரு தாயோ தகப்பனோ பாட்டியோதான். எந்தத் தொட்டிலை எந்த இடத்தில் போட வேண்டும் என்ற கேள்விகளை அந்த ஆளை மனத்தில் வைத்தே கேட்க வேண்டும். யோசிக்காமல் கையை நீட்டினாலும் குழந்தை பாதுகாப்பான இடத்தில்தான் போய்ச் சேரும் என்றால் அதுவே நல்ல ஏற்பாடு.

இரட்டையருக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எடையும் குறைவாக இருக்கும். தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்துக்கான ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் அதிகம். அத்தகைய மரணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. ஒன்று முதல் நான்கு மாதம் வரையிலான காலம்தான் உச்சம். வீட்டில் பெரியவர்களின் தூக்கம் மிக மோசமாக இருப்பதும் இதே மாதங்களில்தான்.

மாறாத அடிப்படைகள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரத்தைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகல் தூக்கம் உட்பட, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை உறுதியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத் திண்டு எதுவும் அதில் இருக்கக் கூடாது. குறைந்தது முதல் ஆறு மாதம் வரை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் பெற்றோரின் படுக்கையில் அல்லாமல் தனக்கென்று உள்ள இடத்தில், குழந்தை தூங்குவது நல்லது. தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கிறது, புகை அதிகரிக்கிறது.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. மேலேறி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போது இந்த அமைப்பு தலைகீழாகி, வழியும் பால் மூச்சுக்குழாயின் வாயில் தேங்குகிறது. பார்த்தால் எதிர்மாறாகத் தோன்றினாலும் உடலமைப்பு மல்லாந்த நிலைக்கே சாதகமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் இயக்கம் தொடங்கிய பிறகு, அடுத்து வந்த ஆண்டுகளில் திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்து வரும் இரட்டையரின் பெற்றோருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே செவிலியர்கள் சிசுவைக் குப்புறப் படுக்க வைத்திருப்பதையும், துணியைச் சுருட்டிச் சுற்றிலும் கூடுபோல் அணைகட்டி வைத்திருப்பதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் குழந்தையின் இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் ஒரு கருவி நொடிக்கு நொடி கண்காணித்துக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த முறையைப் பின்பற்றக் கூடாது. வீட்டுக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே மல்லாக்கப் படுக்க வைத்துப் பழக்கும்படி செவிலியரிடம் கேட்டுக்கொள்வது மிகவும் உதவும்.

ஒரே தொட்டிலா, இரண்டா?

என் குழந்தைகள் 35ஆவது வாரத்தில் பிறந்தவர்கள். இரண்டு தனித் தொட்டில்கள் வந்து இறங்கிய அன்று என் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "வயித்துக்குள்ள ஒண்ணாதானடி இருந்துச்சுங்க, இப்ப எதுக்குப் பிரிச்சுப் போடுற?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இதில் மருத்துவ உலகமே ஒரே குரலில் பேசவில்லை.

இரட்டையரை ஒரே படுக்கையில் கிடத்துவதன் பாதுகாப்பும் பயனும் நிறுவப்படவில்லை, ஆகவே தனித்தனி இடம் கொடுப்பதே விவேகமானது என்பது அமெரிக்க அகாடமியின் நிலை. பிரிட்டனில் லல்லபை டிரஸ்ட் போன்ற அமைப்புகள் சற்றே மாறுபடுகின்றன: புரளத் தெரியாத இளம் பருவத்தில் இருவரையும் ஒரு பெரிய தொட்டிலில் படுக்க வைக்கலாம், ஆனால் கூடை போன்ற சிறிய படுக்கையில் சேர்த்துப் படுக்க வைக்கவே கூடாது என்கின்றன. 

என் முடிவு தனித்தனி இடம் என்பதே, அதற்கான காரணமும் எளியது. ஒரே தொட்டில் முறைக்குக் கட்டாயமான ஒரு நிபந்தனை உண்டு: இருவரில் ஒருவர் புரள ஆரம்பித்த அன்றே அதை நிறுத்திவிட வேண்டும். அந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. முதல் புரளல் பெரும்பாலும் யாரும் பார்க்காதபோது நிகழ்கிறது. ஒருவரின் கை மற்றவரின் முகத்தில் விழுவது, ஒருவரைச் சுற்றிய துணி நெகிழ்ந்து அடுத்தவரின் மூக்கருகே போவது போன்றவற்றையும் இரவெல்லாம் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. அறை மிகச் சிறியதாக இருந்து ஒரு தொட்டில்தான் போட முடியும் என்ற நிலை இருந்தால், 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட முழு அளவுத் தொட்டிலில் இருவரையும் மல்லாக்க, உச்சந்தலைகள் நடுவில் எதிரெதிரே இருக்குமாறும், கால்கள் தொட்டிலின் இரு முனைகளையும் ஒட்டி இருக்குமாறும் படுக்க வைப்பது பிரிட்டனில் பரிந்துரைக்கப்படும் முறைகளில் ஒன்று. இருவருக்கும் நடுவே தலையணையையோ சுருட்டிய துண்டையோ வைப்பது மட்டும் இந்த வழிகாட்டுதல்கள் எதிலும் கிடையாது. தடுப்பு என்று நாம் நினைத்து வைப்பதே குழந்தையின் முகத்தை மூடும் பொருளாகிவிடும்.

நடுவில் வலைத் தடுப்புடன் வரும் இரட்டையர் பேசினெட்டுகளும் (பேசினெட் என்பது சிசுக்களுக்கான சிறிய தொட்டில்) சந்தையில் உள்ளன. வாங்குவதானால் தடுப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். சட்டத்தோடு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு, துவளாமல், அடியில் இடைவெளி விடாமல் நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஒட்டும் பட்டையில் தொங்கும் துணித் திரை என்றால் வேண்டாம்.

அளவுநாடாவை எடுங்கள்

எந்தப் பொருளையும் தேர்வு செய்வதற்கு முன் அறையை அளக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுத்தான் நான் முதலில் பணத்தை வீணாக்கினேன். கடைகளில் பெட்சைட் கிரிப் என்று விற்கப்படும் கட்டிலோரத் தொட்டிலுக்குக் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். அதன் பட்டைகள் கட்டில் சட்டத்தைச் சுற்றி இறுகக் கட்டப்பட வேண்டும். எங்கள் கட்டிலோ அடியில் துணிமணி வைக்கும் பெட்டி வைத்தது; தரையிலிருந்து மெத்தை வரை பலகை அடைத்திருந்தது. தொட்டிலின் கால் உள்ளே போகவில்லை, பட்டை கட்டவும் இடமில்லை. விற்ற கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடி என்பது 120 அங்குலம். 60 அங்குல அகலக் கட்டிலை நடுவில் போட்டால் பக்கத்துக்கு 30 அங்குலம் மிஞ்சும். சாதாரண பேசினெட்டின் அகலம் 22 முதல் 24 அங்குலம் என்பதால், இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால் நடக்க ஆறு முதல் எட்டு அங்குலம்தான் இருக்கும். அறுவை சிகிச்சையில் குழந்தை பெற்ற பெண், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்து, அந்தச் சந்துக்குள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும் என்று கற்பனை செய்து பாருங்கள். கட்டிலை ஒரு சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் மறுபக்கம் 60 அங்குலம் கிடைக்கும். தொட்டில்களுக்கு 24 போக 36 அங்குலம் நடைபாதையாக மிஞ்சும். 36 அங்குல நீளமுள்ள இரண்டு பேசினெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 72 அங்குலம். 78 அங்குலக் கட்டிலின் நீளத்துக்குள் அது அடங்கிவிடும். ஒன்று தாயின் மார்புக்கு நேராகவும் மற்றது முழங்காலுக்கு நேராகவும் வரும். தாய் ஓரத்திலும் கணவர் சுவர்ப் பக்கமும் படுத்துக்கொள்வார்கள்.

கட்டிலின் இருபுறமும் ஆளுக்கொரு தொட்டில் வைத்து, அம்மா ஒன்றையும் அப்பா ஒன்றையும் பார்த்துக்கொள்வது படங்களில் அழகாக இருக்கும். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இரண்டு குழந்தைகளும் இரவில் ஒரே ஆளிடம்தான் வந்து சேர வேண்டும் என்பதால், இரண்டையும் தாயின் பக்கம் வைப்பதே என் அனுபவத்தில் எளிதாக இருந்தது. புட்டிப்பால் கொடுத்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இருபுற அமைப்பு பொருந்தலாம். சன்னல் திரைக் கயிறு, சார்ஜர் ஒயர், மேலே தொங்கும் அலமாரி ஆகியவை தொட்டிலுக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றனவா என்பதையும் அளக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

தொட்டிலைச் சோதிப்பது

கட்டிலோரத் தொட்டிலில் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது இடைவெளி. பெரியவர்களின் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலே குழந்தையின் உடல் சரிந்து சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு தொடங்குகிறது. பட்டைகளைக் கட்டிய பிறகு தொட்டிலை இரு கைகளாலும் வெளிப்பக்கம் பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அது கட்டப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். இரவில் நாம் புரளும்போது மெத்தை நகரும் என்பதால் வாரம் ஒருமுறை பட்டையை மீண்டும் இறுக்க வேண்டும். பக்கவாட்டை இறக்கினாலும் குழந்தையின் மெத்தைக்கு மேலே ஒரு தடுப்பு எஞ்சி நிற்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட ஐரோப்பியத் தரநிலை அதற்குக் குறைந்தது 12 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறது. பக்கவாட்டே இல்லாமல் பெரியவர்களின் மெத்தையோடு தட்டையாகச் சேரும் பழைய மாதிரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் கட்டிலில் பட்டை கட்ட வழியில்லை என்றால் நான்கு பக்கமும் உயர்ந்த தனி பேசினெட்டை வாங்கி, கட்டிலிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். ஒன்று சந்தே இல்லாமல் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் நன்றாக விலகி நிற்க வேண்டும். பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பதுதான் ஆபத்தானது. அந்த ஓரடிக்குள் கையை நீட்டிக் குழந்தையின் மார்பில் வைக்க முடியும். இரவில் உண்மையில் தேவைப்படுவது அவ்வளவுதான்.

மெத்தையை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் உடனே மறைந்துவிட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையில் குழந்தையின் தலை அளவுக்குக் குழி விழும். பெரியவர்களுக்கு அது சுகம், சிசுவுக்கு அல்ல. மெத்தைக்கும் தொட்டிலின் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள். விரிப்பு நான்கு மூலையிலும் இழுத்து மாட்டப்பட்டு, கையால் கிள்ளினாலும் கழன்று வராதபடி இருக்க வேண்டும். அடியில் ரப்பர் ஷீட் போடுவதானால் அதையும் விரிப்புக்குக் கீழே இறுக்கமாகப் போடுங்கள்.

சாய்வான படுக்கைகளை வாங்காதீர்கள். சாய்வு 10 டிகிரியைத் தாண்டினால் குழந்தையின் தலை முன்னே சரிந்து முகவாய் மார்பைத் தொடுகிறது. கழுத்துத் தசை உறுதிப்படாத குறைமாதக் குழந்தைக்கு மூச்சுப்பாதை அடைபட அதுவே போதும். இத்தகைய ஒரு சாய்வுப் படுக்கையில் 30க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவான பிறகு, 2019இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2022 மே மாதம் அந்த நாடு சாய்வுப் படுக்கைகளையும் தொட்டில் ஓரத் திண்டுகளையும் சட்டத்தின் மூலமே தடை செய்தது. நம் கடைகளில் புதிய குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கவே தயாரிக்கப்பட்டது போன்ற அந்தப் படுக்கைத் தொகுப்பு, அதாவது மெத்து மெத்தென்ற சிறு மெத்தை, ஒரு தலையணை, இரு பக்க உருளைத் திண்டுகள், மேலே ஜிப் வைத்த கொசுவலை எனச் சேர்ந்து வருவது, எங்களுக்கு நான்கு வந்தன. பகலில் ஒரு பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, திண்டுகளையும் தலையணையையும் எடுத்துவிட்டு, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் கிடத்த அது உதவும். இரவுப் படுக்கையாக உதவாது.

ஆசாரியிடம் மரத்தொட்டில் செய்யச் சொல்பவர்கள் வாய்ச்சொல்லோடு விடாமல் அளவுகளை எழுதிக் கொடுங்கள். கம்பிகளுக்கு இடையே 4.5 முதல் 6 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கும். குளிர்பானக் கேன் நுழையக் கூடாது என்ற சோதனையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது வெளிநாட்டுத் தடித்த கேனை வைத்துச் சொன்னது. இங்கே விற்கும் ஒல்லிக் கேன் சரியான இடைவெளியிலும் நுழைந்துவிடக்கூடும் என்பதால் ஸ்கேலை நம்புவதே மேல். மூலைக் கால்களின் உச்சியில் கடைந்த குமிழ்கள் வேண்டாம், சட்டைத் துணி மாட்டிக்கொள்ளும். தலைப்பலகையில் பூ வேலைப்பாட்டுத் துளைகளும் வேண்டாம். ஈயம் கலவாத பெயின்ட் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய தொட்டிலுக்கும் இதே சோதனைகள்தாம். அதோடு ஆணி, ஸ்குரு எல்லாம் இருக்கின்றனவா, பக்கவாட்டு ஏறி இறங்கும் வகையா என்று பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் இறங்கும் தொட்டில்களை 2011 முதல் அமெரிக்கா விற்க அனுமதிப்பதில்லை. பூட்டு தேய்ந்து சட்டம் விலகி, அந்தச் சந்தில் குழந்தைகள் சிக்கியதே காரணம்.

தூளியும் பாயும்

தூளியைப் பற்றிப் பேசாமல் தமிழ் வீட்டில் குழந்தைத் தூக்கத்தைப் பற்றி எழுத முடியாது. அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டி ஆட்டினால் எந்த அழுகையும் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் துணி குழிந்து குழந்தையின் முதுகு வளைவதும், முகவாய் மார்பில் படிவதும், துணி முகத்தின் இருபுறமும் மூடிக் காற்றோட்டம் குறைவதும் சாய்வுப் படுக்கையில் உள்ள அதே ஆபத்துகள். நிறைமாதக் குழந்தையைவிட இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அவை பல மடங்கு பொருந்தும். இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். பகலில் பாட்டி பக்கத்திலேயே இருந்து, முகம் தெரியும்படி துணியை விரித்து வைத்து, தூங்கியதும் எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிடுவதாக இருந்தால் அழுகையை அடக்க அதைப் பயன்படுத்தலாம். இரண்டு குழந்தைகளை ஒரே தூளியில் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. வீட்டில் மூத்த குழந்தை இருந்தால் வெறும் தூளியைக்கூடத் தொங்கவிடாதீர்கள். துணி கழுத்தில் முறுக்கிக்கொண்டு பெரிய பிள்ளைகள் இறந்த செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கட்டிலே இல்லாத வீட்டுக்காரர்கள் குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. தரை ஏற்பாட்டைப் பாதுகாப்பாகச் செய்வது எளிது, விழும் பயமும் இல்லை. தாய்க்கு ஒரு பாய். குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறுதியான மெல்லிய தொட்டில் மெத்தை. தாயின் பாயிலிருந்தும் சுவரிலிருந்தும் ஓரடி இடைவெளி. குழந்தைகளின் மெத்தைகளுக்கு நடுவேயும் அதே ஓரடி. தாயின் போர்வையும் தலையணையும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. எறும்பு வராதபடி இரவு தரையைத் துடைத்து, பால் சிந்திய துணிகளை அறையைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். இருட்டில் எழுந்து நடப்பவர் மிதித்துவிடாமல் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

வெப்பம், கொசு, புகை

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அறை வெப்பம் 16 முதல் 20 டிகிரி என்று இருக்கும். மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் அந்த எண்ணை மறந்துவிடலாம். பெரியவர் அதே அறையில் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல் துணி போதும் என்பதே நடைமுறை விதி. வேர்க்கும் இரவில் அந்த அடுக்குகூட வேண்டியதில்லை. கைகால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யாமல், பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமாக வேர்த்திருந்தால் குழந்தைக்குச் சூடு அதிகம். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாய் வேண்டாம், ஏனென்றால் சிசு உடல் சூட்டைத் தலைவழியாகவே பெருமளவு வெளியேற்றுகிறது. இரட்டையர் எடையில் வேறுபட்டிருந்தால் ஒருவருக்கு ஓர் அடுக்கு அதிகம் தேவைப்படலாம். இருவருக்கும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்ற ஆசையை இரவில் கைவிடுங்கள்.

துணியில் சுற்றிப் படுக்க வைப்பதானால் மார்பருகே இறுக்காமல், இடுப்பும் கால்களும் மடங்கி அசையும்படி சுற்றி, மல்லாக்க மட்டுமே கிடத்த வேண்டும். புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கனமூட்டிய துணிகளோ தூக்கப் பைகளோ எதுவாயினும் வேண்டாம்.

கொசுவலை வேண்டும், ஆனால் அது தொட்டிலின் சட்டத்துக்கு வெளியே விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்து உள்ளே தொங்கக் கூடாது. முடிந்தால் சன்னலுக்கே வலை அடித்துவிடுவது இரண்டு தொட்டிலுக்கும் சேர்த்துத் தீர்வாகும். கொசுவத்திச் சுருளை அந்த அறையில் ஏற்றாதீர்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்வது வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்கும் என்று எனக்குத் தெரியும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் அதைத் தாங்காது என்று மருத்துவர் வாயாலேயே சொல்லவைத்தால் சண்டை குறையும். புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால் அவர் குழந்தைகளோடு ஒரே படுக்கையில் தூங்கவே கூடாது.

இரவுப் பால்

பெரும்பாலான பிழைகள் தொட்டிலில் அல்ல, பால் கொடுக்கும் இடத்தில்தான் நேர்கின்றன. சோபாவிலோ மெத்தை வைத்த சாய்வு நாற்காலியிலோ பெரியவரோடு சேர்ந்து தூங்கும் சிசுவுக்கு மரண ஆபத்து 67 மடங்கு வரை உயர்கிறது என்று அமெரிக்க அகாடமி சொல்கிறது. படுக்கையறையில் தூங்கிவிடுவோம் என்று பயந்து, எழுந்து கூடத்து சோபாவுக்குப் போய்ப் பால் கொடுக்கும் தாய் தன்னையறியாமல் அதைவிட மோசமான இடத்துக்குப் போகிறாள். கண் செருகும் என்று தோன்றினால் தலையணை, போர்வை எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் படுக்கையிலேயே கொடுங்கள். தூங்கிவிட்டால், விழித்த உடனே குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுங்கள்.

இரட்டையருக்கான பால் கொடுக்கும் தலையணையில் இருவரையும் இருபக்கமும் அணைத்து ஒரே நேரத்தில் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தூங்கிவிட்ட இருவரையும் ஒரே ஆள் தொட்டிலுக்கு மாற்றுவது எப்படி என்பதை முதலில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒன்றைத் தூக்கும்போது மற்றது தலையணையில் தனியாகக் கிடக்கும். பக்கத்தில் இன்னோர் ஆள் இல்லாத இரவுகளில் ஒவ்வொருவராகக் கொடுப்பதே பாதுகாப்பானது: ஒருவரை எடுத்து, கொடுத்து, ஏப்பம் எடுத்து, தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்த பிறகுதான் அடுத்தவர். இடையில் அழுதால் அழட்டும். தொட்டிலில் கிடந்து அழும் குழந்தை பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது முதல் இரண்டு வரை ஒருவர், இரண்டு முதல் ஆறு வரை ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். முறையில் இருப்பவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி தூங்குவதைப் பார்த்தால், மற்றவர் திட்டாமல், பேசாமல் வாங்கித் தொட்டிலில் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். என் கணவரின் கையிலிருந்து அப்படி மூன்று முறை வாங்கியிருக்கிறேன். அவர் என்னிடமிருந்து எத்தனை முறை வாங்கினார் என்று சொல்ல மறுக்கிறார்.

தலை வடிவம்

மல்லாக்கவே கிடந்தால் தலை தட்டையாகிவிடும் என்று கடுகுத் தலையணை தைத்துத் தருவார்கள். அதைத் தூக்கத்தில் வைக்க வேண்டாம். குழந்தை வெளிச்சத்தையும் அம்மாவின் முகத்தையும் நோக்கியே தலையைத் திருப்பும். இரட்டையர் ஒருவரையொருவர் நோக்கியும் திருப்புவார்கள். ஆகவே இன்று தலை வைத்த பக்கம் நாளை கால் என்று மாற்றுவதும், இரண்டு தொட்டில்களில் யார் எதில் என்பதை வாரந்தோறும் மாற்றுவதும் போதுமானவை. விழித்திருக்கும் நேரத்தில், பார்த்துக்கொண்டே, தினமும் சில முறை குப்புறப் போட்டுப் பழக்கினால் கழுத்தும் வலுப்படும்.

எப்போது மாற்றுவது

பேசினெட்டின் ஓரத்தில் எடை வரம்பு எழுதியிருக்கும். அதைவிட முக்கியமானது அசைவு: ஒருக்களித்துப் புரள்வது, கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றிரவே பெரிய தொட்டிலுக்கு மாற வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியை மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடும் திருத்தப்பட்ட வயதால் மதிப்பிடுவது வழக்கம் என்றாலும், படுக்கை மாற்றத்தை வயதை வைத்து முடிவு செய்யாமல் கண்ணால் காணும் அசைவை வைத்தே முடிவு செய்யுங்கள். எங்கள் மகள் மூன்று வாரம் முந்திக்கொண்டாள். அவள் புரண்ட அன்று இருவரையும் சேர்த்தே மாற்றினோம். ஒருவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு வேறு விதி என்றால் தூக்கக் கலக்கத்தில் ஆள் மாறிப் படுக்க வைத்துவிடுவோம். தாமாகவே இருபுறமும் புரளத் தெரிந்த குழந்தை, மல்லாக்கப் போட்ட பிறகு குப்புறத் திரும்பித் தூங்கினால் அப்படியே விடலாம். உட்காரத் தொடங்கும்போது தொட்டிலின் மெத்தைத் தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண்கள் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புவது இங்கே வழக்கம். ஆபத்து மிகுந்த மாதங்களில் வீடு மாறுகிறது; புதிய வீட்டில் தொட்டில் வரும்வரை இரண்டு நாள் எல்லோரும் ஒரே படுக்கையில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வரும். குழந்தைகளுக்கு முன்பே தொட்டில்கள் போய்ச் சேர வேண்டும். மடக்கிக் கொண்டுபோகும் வலைத் தொட்டில் எடுத்துச் செல்வதானால் அதனோடு வந்த மெல்லிய அட்டை மெத்தையைத் தவிர வேறு எதையும் மேலே விரிக்காதீர்கள். பயணத்தில் கார் இருக்கையிலோ ஸ்ட்ரோலரிலோ தூங்கிப்போனால், இறங்கியதும் விழித்துவிடுமோ என்று தயங்காமல் எடுத்துச் சமதளத்தில் கிடத்துங்கள்.

குழந்தைகளோடு ஓர் இரவாவது தனியாக இருக்கப் போகும் ஒவ்வொருவரும், மூச்சுத் திணறலிலும் மூச்சு நின்ற நிலையிலும் சிசுவுக்குச் செய்யும் முதலுதவியை மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். உதடு நீலம் பாய்வது, மூச்சில் நீண்ட இடைவெளி, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடப்பது இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு தொட்டில்களுக்கும் எதிரே உள்ள சுவரில் ஒட்டியிருந்தோம். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும் என்று அம்மாதான் அதை ஒட்டச் சொன்னார்.